கணக்கில் வராத பந்துகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டாசன் ப்ரூயிட் நல்ல பையன். சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைப்பான். துணி துவைக்கிறவரிலிருந்து அணியின் முதலாளி வரைக்கும் எல்லோரையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவான். மிசிசிப்பி பக்கம் பிள்ளைகளை அப்படித்தான் வளர்க்கிறார்கள். அப்படிப்பட்ட பையனோடு வேலை செய்வது சுலபம். எழுந்திரு என்றால் எழுந்திருப்பான், ஏன் என்று கேட்க மாட்டான்.

வீரர்கள் சங்கத்திலிருந்து வழக்கறிஞர் ஒருவர் வருவார் என்று சொன்னபோது, பேஸ்பால் தெரிந்த யாரையாவது அனுப்பித் தொலைப்பார்களோ என்று கொஞ்சம் பயந்தேன். உங்களுக்கு ஆட்டமே தெரியாது என்று வந்ததும் சொன்னீர்கள், நிம்மதியாகிவிட்டது. தெரிந்தவர்களிடம் எதையும் விளக்க முடியாது. அவர்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் இருக்கும். நீங்கள் அந்த ரிக்கார்டரை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், மேடம். என் குரல் எப்போதும் தணிந்துதான் இருக்கும்.

ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். பந்தெறிகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவன் ஸ்டார்ட்டர். அவன் ஒரு நாள் எறிந்தால் நான்கு நாள் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான். மறுநாள் பத்திரிகையில் அந்த ஆட்டமே அவன் பெயரில்தான் இருக்கும். அவன் களைத்துப்போனதும் வந்து மிச்சத்தை எறிகிறவன் ரிலீவர். அவனை எந்த நாள் கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஜெயித்தால் முதுகில் ஒரு தட்டு. தோற்றால் அவன் அம்மாவைப் பற்றிக்கூட ஊர் பேசும். இந்த ரிலீவர்கள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்கும் இடம் புல்பென். எங்கள் லூயிவில் மைதானத்தில் அது இடதுபக்கச் சுவருக்குப் பின்னால், மலிவு டிக்கெட் படிக்கட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. ஆட்டத்தை நடத்துகிற மேனேஜர் உட்காரும் டக்அவுட்டிலிருந்து பார்த்தால் சுவர்தான் தெரியும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் அந்தப் புல்பென்னின் கோச், லைல் ப்ரக்கர். பெயர்தான் கோச். வேலை என்னவென்றால், சுவரில் ஒரு போன் இருக்கிறது, அழைப்பு வந்தால் அதில் ஒரு சின்ன விளக்கு எரியும். மேனேஜர் அங்கிருந்து கூப்பிட்டு 'இன்னாரை எழுப்பு' என்பார். நான் திரும்பி 'இன்னாரே, எழுந்திரு' என்பேன். அவன் எழுந்து கை சூடேறும்வரை பந்தெறிந்து தயாராவான். இதற்குச் சம்பளம், சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாம் தருகிறார்கள். அமெரிக்கா நல்ல நாடு.

ஆண்டுதோறும் டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். நாட்டிலுள்ள பள்ளி, கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசையாகப் பங்கு போட்டுக்கொள்ளும் நாள். முதல் சுற்றில் ஓர் அணிக்கு ஒரு பையன்தான் கிடைப்பான். அந்த ஒருவனுக்காக ஒரு கூட்டமே வருடம் முழுக்க மோட்டல் மெத்தைகளில் முதுகை ஒடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும். இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரை எடுப்பது என்று முடிவு செய்கிற எங்கள் ஜெனரல் மேனேஜர் ஹாலண்டுக்கு ஒரு ஞானோதயம் பிறந்தது. ஹாலண்ட் காலுறை போடாமல் ஷூ போடுகிறவர். பந்தை வாழ்நாளில் தொட்டதில்லை, ஆனால் பந்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. நாங்கள் தோற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை, மொத்தமுள்ள ஒன்பது இன்னிங்ஸில் கடைசி இரண்டில்தான் கோட்டைவிட்டோம் என்று அவருடைய கம்ப்யூட்டர் சொல்லியிருந்தது. அதை எங்கள் ஊர் ஹாட் டாக் விற்பவனே சொல்லியிருப்பான். ஆகவே புல்பென்னைப் பலப்படுத்த வேண்டும், ஆகவே முதல் சுற்றில் ஒரு ரிலீவரை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். பையனும் தயாராக இருந்தான். பெயர் டாசன் ப்ரூயிட்.

என்னை அவனைப் பார்த்துவர அனுப்பினார்கள். போனேன். வேலைக்குத் துரோகம் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பார்த்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவனுடைய ஸ்லைடர், அதாவது மட்டை வீசப்போகிற கடைசி நேரத்தில் வெளியே நழுவுகிற பந்து, நான் என் வாழ்நாளில் பார்த்தவற்றிலேயே சிறந்தது என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. அந்தப் பந்தைப் பார்த்தபோது என் கை தானாகவே விரல்களை மடக்கிக்கொண்டது, பிடித்துப் பார்ப்பதுபோல.

ஆட்டம் முடிந்ததும் வேலியோரம் நின்று அவனோடு பேசினேன். எல்லாப் பையன்களிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன்.

"ஸ்டார்ட்டரா ஆகணும்னு ஆசை இல்லியாப்பா?"

"இல்ல சார். சின்ன வயசுலேர்ந்தே ரிலீவராத்தான் ஆகணும்னு."

"யாராவது சின்ன வயசுல அதுக்கு ஆசப்படுவாங்களா?"

"நான் பட்டேன் சார்." சிரித்தான். "அந்தப் புல்பென் கதவு தொறக்கும் பாருங்க. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. கெட்டுப்போன ஒண்ண சரி பண்ண ஒருத்தன் வர்றான்னு. அதவிட என்ன சார் வேணும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நெப்ராஸ்காவில் ஸ்டார்ட்டராக எடுக்கப்பட்டவன். ஊர்ப் பத்திரிகையில் என் படம் முதல் பக்கத்தில் வந்தது. மூன்றாம் வருடம் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு, நாளையிலிருந்து நீ புல்பென் என்றார்கள். நான் ஸ்டார்ட்டராக எறிவதைப் பார்க்க என் அப்பா பஸ் பிடித்து வந்திருந்தார். அன்று முழுவதும் அவர் மைதானத்தின் நடுவில் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். நான் வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பல வருடம் அதே வேலிதான். எழுந்திரு, எறி, உட்கார், மறுபடி எழுந்திரு. பெரும்பாலான நாட்கள் கதவு திறக்கவே இல்லை. இப்போது என்னால் வலது கையைத் தூக்கித் தலை சீவ முடியாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இதற்கும் டாசன் விஷயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான்.

என்னுடையது கொள்கை. டிராஃப்ட் அறையில் அதை எடுத்துச் சொன்னேன். அறை நிறைய டோனட், பலகை நிறையப் பையன்களின் பெயர் எழுதிய காந்த அட்டைகள்.

"ரிலீவரை யாரும் விதை போட்டு வளக்கறது இல்ல," என்றேன். "ஸ்டார்ட்டரா தேறாதவன்தான் ரிலீவர் ஆவான். இன்னிக்கு நாலு ஸ்டார்ட்டரை எடுத்தா, நாளைக்கு அதுல மூணு பேரு தானா உங்களுக்கு ரிலீவர் ஆயிடுவாங்க. இனாமா கெடைக்கறத முதல் சுத்துல போய் வாங்கணுமா? அதுவும் இல்லாம இவனுங்க கை ரொம்ப நாள் தாங்காது."

ஹாலண்ட் டோனட்டைக் கீழே வைத்தார். "லைல், உங்க வீட்டுல குழாய் ஒழுகுனா பிளம்பரைக் கூப்பிடுவீங்களா, இல்ல வேலை போன கொத்தனாரைக் கூப்பிடுவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கும் நாகரிகம் தெரியும். மேனேஜர் சால் மரீனோ என் தோளில் தட்டி, "விடுய்யா, கொத்தனாரே," என்றார். அந்த வருடம் முழுக்க மாடியில், அதாவது ஹாலண்டின் அலுவலகத்தில், எனக்கு அதுதான் பெயர். நான் பெரிய மனதுக்காரன், அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. டாசனின் காந்த அட்டையை எடுத்துப் பலகையின் உச்சியில் ஒட்டினார்கள்.

அடுத்த வசந்தத்திலேயே அவன் எங்களிடம் வந்துவிட்டான். ஸ்டார்ட்டர் என்றால் சின்ன ஊர் அணிகளில் வருடக்கணக்கில் பழுக்க வேண்டும். ரிலீவர் சீக்கிரம் வந்து சேருவான், அதுவும் ஒரு லாபம் என்று ஹாலண்ட் எல்லாப் பேட்டியிலும் சொன்னார். புல்பென்னில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவன்தான் தின்பண்டப் பையைச் சுமக்க வேண்டும். அதுவும் சின்னப் பெண் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற, மினுமினுக்கிற இளஞ்சிவப்புப் பை. உள்ளே சூரியகாந்தி விதை, சூயிங்கம், மிட்டாய். எல்லாப் பையன்களும் அதை முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் தூக்குவார்கள். இவன் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு முழு மைதானத்தையும் நடந்து கடப்பான், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டு. கூட்டம் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஏப்ரலில் அவனை யாராலும் அடிக்க முடியவில்லை. ஹாலண்ட் புல்பென்னுக்கே இறங்கி வந்து எனக்குக் கை காட்டிவிட்டுப் போனார். கை காட்டியதில் அந்தப் பிளம்பர் கேள்வி இருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மனிதன் ஒரு கருத்தைச் சொல்கிறான். இன்னொருவன் சிரிக்கிறான். யார் சொன்னது சரி என்று பார்த்துவிடுவதுதானே முறை.

ஆட்டத்தில் அவன் எறிகிற ஒவ்வொரு பந்தையும் எண்ணுகிறார்கள், மேடம். வேகம் எவ்வளவு, எத்தனை சுற்று சுழன்றது, எந்த விரலை விட்டு எப்படிப் பிரிந்தது எல்லாம் மாடியில் பதிவாகும். தொடர்ந்து எத்தனை நாள் எறியலாம் என்று அவனுக்குத் தனியாக ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். குழந்தைக்குப் பால் அளந்து கொடுக்கிற மாதிரி அளந்து கொடுத்தார்கள். ஆனால் புல்பென்னில் கை சூடேற்ற எறிகிற பந்துகளை யாரும் எண்ணுவதில்லை. எந்தக் காலத்திலும் எண்ணியதில்லை. கதவு திறந்து மைதானத்துக்குள் வந்தால்தான் அவன் எறிந்தான் என்று அர்த்தம். வராவிட்டால், வேலிக்குப் பின்னால் என்ன எறிந்திருந்தாலும் அன்று அவனுக்கு ஓய்வு என்றுதான் மாடியில் எழுதிக்கொள்வார்கள். இவ்வளவு படித்தவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. என்னை வருடக்கணக்காக எழுப்பி எழுப்பி உட்கார வைத்தவர்களுக்கும் தோன்றவில்லை.

நான் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். போன் மணியின் சத்தத்தைக் குறைத்து வைத்தேன். பையன்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று சொன்னேன், அவர்களும் நன்றி சொன்னார்கள். அதன்பின் ஆறாவது இன்னிங்ஸ் வாக்கில் போனை எடுத்து, "சரி சால், சொல்றேன்," என்பேன். வைத்துவிட்டு, "ப்ரூயிட், எழுந்திரு," என்பேன்.

மறுமுனையில் யாரும் இல்லாதபோது ஒரு மனிதனால் எவ்வளவு மரியாதையாகப் பேச முடியும் என்பது எனக்கே வியப்பாக இருந்தது. சில நாட்கள் தலையைக்கூட ஆட்டினேன்.

அவன் உடனே எழுந்துவிடுவான். ஜாக்கெட்டைக் கழற்றுவான். எஃப்ரேன் குந்தி உட்கார்ந்து பிடிப்பான். எஃப்ரேன் வெனிசுவேலாக்காரன், புல்பென்னில் பந்து பிடிப்பது மட்டும்தான் அவன் வேலை. அணிப் பட்டியலில் பெயர் கிடையாது. டாசன் மெதுவாக ஆரம்பிக்க மாட்டான். கெட்டுப்போன ஒன்றைச் சரிபண்ணப் போகிறவன் அல்லவா, ஒவ்வொரு பந்தையும் உயிரைக் கொடுத்து எறிவான். நன்றாகக் கை சூடேறிய பிறகு நான் மறுபடி போனை எடுப்பேன்.

"சால் மனச மாத்திக்கிட்டாருப்பா. உக்காரு."

"சரி சார்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுப்புவேன். சில நாள் மூன்று தடவை. உடம்பு ஆறிப்போனபின் மறுபடி சூடேற்றுவதுதான் கைக்கு ஆகாத காரியம். நான் அதைச் சொந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டவன். இதற்கெல்லாம் நடுவில் நிஜமாகவே போன் வரும். அதில் சால், "யோவ் கொத்தனாரே, அங்க காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்று கேட்பார். சொல்வேன். வேலையில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை.

வெளியூர் மைதானங்களில் இதைச் செய்யவில்லை. அங்கெல்லாம் புல்பென் திறந்தவெளியில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். ஆகவே பையன் வெளியூரில் பிரமாதமாக எறிந்தான், சொந்த ஊருக்கு வந்தால் சொதப்பினான். பத்திரிகைக்காரர்கள் இதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்கள். உள்ளூர் ரசிகர்களின் எதிர்பார்ப்பு அவன் தோள்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டதாம். தோளைப் பற்றி அவர்கள் சொன்னதில் பாதி சரி.

ஜூன் மாதம் சால் என்னை அவருடைய அறைக்குக் கூப்பிட்டார். தட்டில் வறுத்த மீன் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

"பய வெளியூர்ல எறிஞ்சா ஒருத்தன் கிட்ட வரமுடியல. இங்க வந்தா ஈரத்துணி மாதிரி தொங்கிடுது. என்னய்யா வெச்சிருக்க அங்க?"

"சின்னப் பையன், சால். வீட்டுக் கூட்டத்தப் பாத்தா படபடப்பு."

"ஹாலண்ட் என் உயிர எடுக்கறான். நீதான் பக்கத்துல இருக்க. கொஞ்சம் பாத்துக்கய்யா அவன."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டேன்.

எஃப்ரேன் ஒரே ஒரு தடவைதான் கேட்டான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கையுறையைக் கழற்றி, வீங்கிச் சிவந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பாஸ், நீங்க போன எடுத்தப்ப லைட்டு எரியலியே."

"நீ பாக்கல."

"பாத்தேன் பாஸ்."

"எஃப்ரேன், உன் பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் இங்க வந்து சேந்தாச்சா?"

"இன்னும் இல்ல பாஸ். விசா பேப்பர் எல்லாம் கிளப்புல பாத்துக்கிட்டு இருக்காங்க."

"நல்லபடியா முடியும். நான் ஒரு வார்த்த சொல்லி வெக்கறேன்."

அதற்குப் பிறகு அவன் எதையும் கேட்கவில்லை. உண்மையிலேயே ஒரு வார்த்தை சொல்லியும் வைத்தேன், நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம். கடைசியில் உங்களிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னது அவன்தான் என்று எனக்குத் தெரியும். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. பந்து பிடிக்கிறவன், கைக்கு வந்ததை எங்காவது திருப்பி எறியத்தானே செய்வான்.

இப்போது ஜூலை மாதத்துக்கு வருகிறேன். நீங்கள் எதைக் கேட்கக் காத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் டாசன் என்னிடம் வந்தான். கையில் விதைப் பொட்டலம். பேசுவதற்கு முன்னால் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டான்.

"கோச், ஒரு விஷயம் சார். சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துப்போன மாதிரி இருக்கு. பல்லு வெளக்கும்போது பிரஷ் நழுவுது."

"எவ்ளோ நாளா?"

"ஒரு வாரமா இருக்கும் சார். அம்மாகிட்டகூட சொல்லல."

"டாக்டர்கிட்ட போகணும்னா போப்பா. நான் தடுக்க மாட்டேன்."

அவன் நின்றுகொண்டே இருந்தான். நீங்கள் கவனிக்க வேண்டும், போ என்றுதான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் நேர்மையற்றவன் ஆகியிருப்பேன். முழு உண்மையையும் சொல்வது என் கடமை.

"ஆனா போனா மாடியில எழுதிப்பாங்க. ரிலீவரை எடுத்தது தப்புன்னு ஏற்கெனவே பேசறாங்க. ஹாலண்ட் உன்ன நம்பித்தான் தலையக் கொடுத்திருக்கார். முதல் வருஷம் எல்லாருக்கும் விரல் மரக்கும். எனக்கும் மரத்துச்சு."

"அப்புறம் சரியாயிடுச்சா சார்?"

"நான் எவ்ளோ வருஷம் எறிஞ்சேன்னு தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும் சார்." முகம் தெளிந்துவிட்டது. "நான் போகல சார். தேங்க்ஸ் சார்."

நானே அவன் முழங்கைக்கு ஐஸ் வைத்துக் கட்டிவிட்டேன். அக்கறை இல்லாதவன் செய்கிற வேலையா அது? அன்று ஆறாவது இன்னிங்ஸில் அவனை எழுப்பினேன்.

ஆகஸ்டில் ஒரு பகல் ஆட்டம். ஒஹையோ ஆற்றங்கரை வெயில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அன்று அதற்குள்ளாகவே அவனை இரண்டு தடவை எழுப்பி உட்கார வைத்திருந்தேன். அப்புறம் போன் விளக்கு நிஜமாகவே எரிந்தது. சால்தான். ஆட்டம் கைநழுவிக்கொண்டிருந்தது. "பையன அனுப்பு," என்றார். டாசன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். கதவைத் திறந்து விட்டேன். மைதானமே எழுந்து நின்றது. அவன் ஆசைப்பட்ட மாதிரியே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு பேரை வீழ்த்தினான். மூன்றாவது ஆளுக்கு அந்த ஸ்லைடரை எறிந்தான். பந்து எங்கோ போய் விழுந்தது. கூட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அவன் வலது கையை இடது கையால் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அப்படியே நடந்துபோய், பந்து காலருகில் விழுந்த நடுவரிடம், "சாரி சார்," என்றான். புல்பென் டிவியில் பார்த்த வாய் அசைவிலேயே எனக்குத் தெரிந்தது. சால் ஓடினார், வைத்தியர் ஓடினார். எஃப்ரேன் கையுறையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தான். நான் போனைப் பார்த்தேன். அடுத்து யாரை எழுப்புவது என்று கேட்டுக் கூப்பிடுவார்கள் அல்லவா?

அணியிலிருந்து மருத்துவமனைக்கு நான்தான் முதலில் போனேன். அவனுடைய அம்மா அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். முழங்கையில் அறுந்த தசைநாரைத் தைத்துவிட்டார்கள். நரம்பில் மட்டும் அறுவை சிகிச்சைக்கு அப்புறமும் உணர்வு திரும்பவில்லை. பேனா பிடிக்கலாம், கார் ஓட்டலாம், பந்தெறிவதை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். சட்டைப் பொத்தானை இப்போதும் அம்மாதான் போட்டுவிடுகிறாராம். அது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. நான் கல் இல்லை.

அவன் கண் விழித்து என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றான். "நீங்க ஒருத்தர்தான் சார் என்ன தெனமும் ரெடியா வெச்சிருந்தீங்க. நான்தான் தாங்கல. உங்க பேரக் கெடுத்துட்டேன்."

அப்படியெல்லாம் இல்லை என்றேன். போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

அக்டோபரில் ஹாலண்ட் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். அன்றைக்கு அவர் காலுறை போட்டிருந்தார். "நீங்க சொன்னது சரி, லைல். இனிமே முதல் சுத்துல ரிலீவர் கெடையாது. அடுத்த டிராஃப்ட்ல நீங்க என் பக்கத்துல உக்காரணும்," என்றார். கையைக் குலுக்கினார். எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ஒரு திருப்தி. என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அன்று அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் வேண்டும் என்கிறீர்கள். தருகிறேன். சொந்த ஊரில் நான் அவனை எழுப்பியதில் அனேகமாக எந்த அழைப்பும் சாலிடமிருந்து வந்ததில்லை. நானே எழுப்பினேன், நானே உட்கார வைத்தேன். கை தேய்கிறது என்று தெரிந்து எழுப்பினேன். விரல் மரத்தது என்று அவன் சொன்ன பிறகும் எழுப்பினேன். அன்று கதவைத் திறக்கும்போது அந்தக் கை இன்று போய்விடும் என்று எனக்குத் தெரியும். சாலுக்குத் தெரியாது, ஹாலண்டுக்குத் தெரியாது, எஃப்ரேனைக் குற்றம் சொல்லாதீர்கள். எல்லாம் நான்தான். இதில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். 'பழி தீர்க்கும் எண்ணத்தோடு' என்று அங்கே எழுதியிருக்கிறீர்கள். பையன்மேல் எனக்கு என்ன பழி? ரிலீவர்களின் கைகள் எல்லாம் அந்தக் கதிக்குத்தான் போகும் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அது பேச்சில்லை என்று காட்டினேன். மருந்து விற்கிறவர்கள் எலிகளை வைத்துச் செய்வதில்லையா? அவர்களை யாரும் இப்படி உட்கார வைத்துக் கேள்வி கேட்பதில்லை.

அவனிடம் நீங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று தெரிகிறது. ஏனென்றால் நேற்றுக் காலை என்னைக் கூப்பிட்டான். குரலில் பழைய தெம்பு இருந்தது. வீட்டுக் கொட்டகைச் சுவரில் இடது கையால் எறிந்து பழக ஆரம்பித்திருக்கிறானாம். முதலில் எல்லாம் தாறுமாறாகப் போனது, இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறி கூடுகிறதாம்.

"இடது கை ரிலீவருக்கு எல்லா டீம்லயும் கிராக்கி இருக்குல்ல சார்?" என்று கேட்டான். "நீங்க வந்து ஒரு தடவ பாத்தீங்கன்னா போதும்."

கிராக்கி இருப்பது உண்மைதான். உலகம் பூராவும் தேடுகிறார்கள். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஸ்டார்ட்டராக முயற்சி செய்து பார் என்று முதலில் பொறுமையாக எடுத்துச் சொல்வேன். என் பேச்சை அவன் தட்டியதே கிடையாது. அந்தக் கையில் இன்னும் ஒரு குறையும் இல்லை, மேடம். அவன் பிடிவாதம் பிடிக்காமல் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.